கோப்பிக் கடைப் பட்டியல்: தொட்டால் பதில் சொல்லும் முதல் செயலி

ஊரிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த அம்மா, எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் கோப்பிக் கடையில் "ஒரு காப்பி" என்றார். இனிப்பான டின் பால் ஊற்றிய கோப்பி வந்தது. சர்க்கரைக்காரர். ஒரு வாய் குடித்துவிட்டு அப்படியே வைத்துவிட்டார். அன்று இரவே அவருக்காக ஒரு குட்டிச் செயலி செய்தேன். பெயரைத் தொட்டால் அதில் என்ன போடுவார்கள் என்று சொல்லும், அவ்வளவுதான். நிரல் எழுதிப் பழக்கமில்லாதவர்களும் இதை ஒரு மணி நேரத்தில் செய்துவிடலாம்.

நான் எடுத்துக்கொண்டது எம்ஐடி ஆப் இன்வென்டர். இலவசம், உலாவியிலேயே ஓடும். வரி வரியாக எழுத வேண்டாம், பிளாக்குகளைக் கோத்தால் போதும். (நாங்கள் குடியிருக்கும் வீவக புளோக் இல்லை, வண்ணத் துண்டுகள்!)

திரை

புதிய புராஜெக்ட் திறந்ததும் டிசைனர் பக்கம் வரும். இடப்பக்கத்திலிருந்து ஒரு லிஸ்ட்வியூ (பட்டியலைக் காட்டும் பகுதி), அதற்குக் கீழே ஒரு லேபிள் (எழுத்தைக் காட்டும் பகுதி), இரண்டையும் திரைக்கு இழுத்துவிடுங்கள். லிஸ்ட்வியூவின் உயரத்தை 70 சதவீதம் என்று வையுங்கள். இல்லாவிட்டால் பட்டியலே திரையை அடைத்துக்கொண்டு லேபிளை ஒளித்துவிடலாம்.

பக்கத்திலேயே லிஸ்ட்பிக்கர் என்று ஒன்று இருக்கும். அது வேறு. பொத்தானை அழுத்தினால்தான் அதன் பட்டியல் திறக்கும். நமக்கு அது வேண்டாம்.

இரண்டு பட்டியல்

பெயர்களை லிஸ்ட்வியூவின் பண்புகளிலேயே காற்புள்ளி போட்டு எழுதிவிடலாம். ஆனால் ஒரு பெயருக்குள்ளேயே காற்புள்ளி வந்தால் அது இரண்டு வரியாக உடைந்துவிடும். அதனால் பிளாக்ஸ் பக்கம் போய், மாறிகளாக (தகவலைப் போட்டுவைக்கும் பெயரிட்ட பெட்டிகளாக) இரண்டு பட்டியல் செய்வோம். பட்டியல் பிளாக்கில் உள்ள நீலச் சக்கரத்தை அழுத்தினால் இடங்களைக் கூட்டிக்கொள்ளலாம்.

பெயர்கள்:
1. கோப்பி
2. கோப்பி ஓ
3. கோப்பி சி
4. கோப்பி ஓ கோசோங்
5. தே ஹாலியா

விளக்கங்கள்:
1. இனிப்பான டின் பால் போட்டது
2. பால் இல்லை, சர்க்கரை உண்டு
3. இனிப்பில்லாத டின் பால், கூடவே சர்க்கரை
4. பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை
5. பால் போட்ட இஞ்சி டீ

கோசோங் என்றால் மலாயில் காலி. அம்மாவுக்கு வேண்டியது அந்த நான்காவதுதான்.

அப்புறம், 'ஸ்கிரீன் 1 இனிஷியலைஸ்' என்ற பிளாக்கை எடுத்து, அதற்குள் லிஸ்ட்வியூவின் 'எலிமென்ட்ஸ்' இடத்தில் பெயர்கள் பட்டியலைச் செருகுங்கள். செயலி திறந்ததும் ஐந்து பெயரும் வரிசையாக நிற்கும்.

தொட்டால் என்ன நடக்கும்?

விஷயமே இங்கேதான். 'லிஸ்ட்வியூ ஆஃப்டர்பிக்கிங்' என்ற பிளாக், யாராவது ஒரு வரியைத் தொட்டதும் விழித்துக்கொள்ளும். எந்த வரி என்பதை 'செலக்‌ஷன் இன்டெக்ஸ்' ஓர் எண்ணாகச் சொல்லும். கோப்பி சியைத் தொட்டால் 3. லிஸ்ட்வியூவுக்குக் கோப்பி பற்றி ஒன்றும் தெரியாது, இந்த 3 மட்டும்தான் தெரியும். விளக்கங்கள் பட்டியலில் 3-வதை எடுத்து லேபிளில் காட்டுவது நம் வேலை. அதற்கு 'செலக்ட் லிஸ்ட் ஐட்டம்' பிளாக்கில் பட்டியலாக விளக்கங்களையும், இன்டெக்ஸாக அந்த எண்ணையும் கொடுத்து, மொத்தத்தையும் லேபிளின் 'டெக்ஸ்ட்' இடத்தில் மாட்டுங்கள்.

வேறு நிரல்மொழி தெரிந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே எண்ணிக்கை 1-இல் தொடங்கும், 0-இல் இல்லை. எதுவும் தொடப்படாதபோதுதான் 0.

சரி, சோதிப்போம். கைப்பேசியில் எம்ஐடி கம்பேனியன் செயலியை இறக்குங்கள். கணினியும் கைப்பேசியும் ஒரே வைஃபையில் இருக்கட்டும். கனெக்ட் மெனுவில் ஏஐ கம்பேனியனைத் தேர்ந்தால் கியூஆர் குறியீடு வரும். அதை ஸ்கேன் செய்யுங்கள்.

நான் வாங்கிய அடி

மறுவாரம் அம்மா "ஐஸ் போட்டதும் சேரு" என்றார். பெயர்கள் பட்டியலில் கோப்பிக்கு அடுத்து கோப்பி பெங்கைச் சொருகிவிட்டு, விளக்கத்தை மறந்துவிட்டேன். எல்லாம் ஒரு படி நகர்ந்துவிட்டது. கோப்பி ஓ கோசோங்கைத் தொட்டால் "பால் போட்ட இஞ்சி டீ" என்றது. தே ஹாலியாவைத் தொட்டால், ஐந்தே உள்ள பட்டியலில் ஆறாவதைக் கேட்கிறாய் என்று பிழைச் செய்தி. இப்போதெல்லாம் புதிதாக எதைச் சேர்த்தாலும், முதலில் கடைசி வரியைத்தான் தொட்டுப் பார்க்கிறேன்.