ஹைரேசருக்கு மாறுகிறீர்களா?

ரிகம்பென்ட் என்பது இருக்கையில் சாய்ந்து, காலை முன்னால் நீட்டி மிதிக்கும் சைக்கிள். அதில் இரண்டு பெரிய சக்கரங்களும் நன்றாகச் சாய்ந்த இருக்கையும் உள்ள வகைதான் ஹைரேசர். ஓரளவு நிமிர்ந்து உட்காரும் ரிகம்பென்ட் சைக்கிளிலிருந்து ஹைரேசருக்கு மாறினால் வேகம் பொதுவாகக் கூடும். முதுகு நன்றாகச் சாய்வதால் காற்று குறைவாகவே தடுக்கும். 1933இல் பாரிஸில் பிரெஞ்சு சைக்கிள் வீரர் பிரான்சிஸ் ஃபோர் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டர் தாண்டியதும் சாய்ந்தபடி ஓட்டித்தான்!

புறப்படுவதுதான் சிரமம். எழுந்து நின்று மிதிக்க முடியாது. அதனால் வண்டியை நிறுத்தும் முன்பே லேசான கியருக்கு வந்துவிடுங்கள். ஒரு பெடலை மேலே வைத்து, பிரேக்கை விட்டவுடன் அழுத்தமாக ஒரு மிதி. அப்புறம் மற்றக் காலைத் தூக்கினால் போதும். தோளை இருக்கையிலிருந்து எழுப்பாதீர்கள், வண்டி ஆடும்.

ஓடும்போது கால் நழுவித் தரையில் பட்டால் வண்டிக்கு அடியில் இழுபடும். காலணியைப் பெடலோடு பிணைக்கும் கிளிப் பெடல் பழகுவது நல்லது. முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெடல் மிக அருகில் இருக்கலாம். பெடல்களைத் தாங்கும் முன்குழாயைச் சற்று நீட்டி, செயின் நீளத்தையும் பாருங்கள்.