முருங்கையிலை வறையில் சத்து வீணாகாமலிருக்க

யாழ்ப்பாணத்தில் முருங்கை இல்லாத வளவு குறைவு. ஆனாலும் பிள்ளைகளுக்கும் தாய்மாருக்கும் இரத்தச்சோகை வருகிறது. சமைக்கும் முறையும் அதற்கு ஒரு காரணம்.

இலையை ஊறவிடாமல் கழுவுங்கள். அவித்து நீரை ஊற்றினால், இரத்தம் ஊறத் தேவையான ஃபோலேற் என்ற விற்றமினும் விற்றமின் சியும் அதோடு போய்விடும். தாச்சியில் 1 மேசைக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, வெங்காயம், செத்தல் மிளகாய் வதக்கி, 2 கைபிடி இலை போட்டு 4, 5 நிமிடம் கிளறி, தேங்காய்ப்பூ சேர்த்து இறக்குங்கள். எண்ணெயும் தேங்காய்ப்பூவும் ருசிக்கு மட்டுமல்ல. விற்றமின் ஏ ஆக மாறும் பீற்றா கரோட்டினை உடல் எடுக்கக் கொழுப்பு வேண்டும். தேசிப்புளியைச் சூடு தணிந்த பிறகே விடுங்கள். அதிலுள்ள விற்றமின் சி இலையின் இரும்பை உடலில் சேர்க்கும்.

பெரிய பிழை, சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ (பால் விடாத தேநீர்) குடிப்பது. அது இரும்பைத் தடுக்கும். 1 மணித்தியாலமாவது பொறுங்கள். கல்சியமும் இரும்பைத் தடுக்கும் என்பதால், கர்ப்பிணிகள் இரும்புக் குளிசையையும் கல்சியக் குளிசையையும் ஒரே நேரத்தில் விழுங்கவே கூடாது.

6 மாதம் முடிந்த பிள்ளைக்கு இலையைப் பருப்போடு அவித்து, மிளகாய், உப்பு இல்லாமல் மசித்து, அரைத் தேக்கரண்டி எண்ணெய் விட்டு ஊட்டலாம். இரத்தம் ஊற விற்றமின் பி12 உம் வேண்டும், ஆனால் முருங்கையில் அது இல்லை. அதற்கு முட்டை, பால், சூடை, நெத்தலி போன்ற மீன் வேண்டும்.