பழைய மேசைக்கணினிக்குப் பாகம் வாங்குமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற கிழமை முழங்காவிலில் இருந்து ஓர் உயர்தர மாணவர், தமது கணினியைச் சாக்கில் சுற்றி மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு, கிளிநொச்சியில் நான் கணினி திருத்தும் இடத்துக்கு வந்தார். சட்டைப் பையில் இருந்து சிறு பெட்டி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே, பாவித்த இன்டெல் கோர் ஐ7 புரோசசர் ஒன்று பஞ்சில் பொதிந்து கிடந்தது. "அண்ணை, இதை மாட்டித் தந்தால் காணும், பறக்கும்" என்றார். தகப்பனார் சிறுபோக நெல்லை விற்ற காசில் ஒரு பகுதி அது. கணினியைத் திறந்து பார்த்தேன். மதர்போட் நான்காம் தலைமுறைக்கு உரியது, அதில் புரோசசர் உட்காரும் சொக்கெட் 1150. அவர் வாங்கி வந்ததோ மூன்றாம் தலைமுறைப் புரோசசர், 1155. பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போல இருந்தாலும் ஒன்று மற்றதில் உட்காராது.

பத்து ஆண்டுகளுக்கு முன் நானும் ஏறத்தாழ இதையே செய்தேன் என்பதால் இதை எழுதுகிறேன். மின்சாரத்தை நிறுத்தாமல் உள்ளே கைவைப்பது, வயரை மாறிச் செருகுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை ஒருமுறை செய்தவர் மறுமுறை செய்யமாட்டார்.

எது தாமதிக்கிறது என்று பாராமல் புரோசசர் வாங்குவது

பழைய கணினி மெதுவாக இயங்கினால் புரோசசரே பழசாகிவிட்டது என்று எல்லோரும் முடிவு செய்துவிடுகிறார்கள். காசு செலவழிக்குமுன் கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மானேஜரைத் திறந்து, வழக்கமான வேலையைச் செய்துகொண்டே ஐந்து நிமிடம் அதைப் பாருங்கள். என்னிடம் வரும் பழைய கணினிகளில் பெரும்பாலானவற்றில் புரோசசர் பாதி நேரம் சும்மா இருக்க, ஹாட் டிஸ்க் மட்டும் நூறு வீதத்தில் நின்று திணறும். ஹாட் டிஸ்க்கின் உள்ளே ஒரு முனை, சுழலும் தட்டின்மேல் இடம் தேடி அசைந்து அசைந்து படிக்கிறது. ஒவ்வொரு தேடலுக்கும் பத்து மில்லி செக்கன் அளவில் போய்விடும். அசையும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. அதே தேடலை அதில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் முடித்துவிடுகிறது. போட் பழையது, ஹாட் டிஸ்க்கோ எஸ்.எஸ்.டி.யோ இணையும் அதன் சாட்டா வாயில் செக்கனுக்கு 300 மெகாபைட்டுக்கு மேல் விடாது என்று சொல்லி எஸ்.எஸ்.டி.யைத் தவிர்ப்பவர்களும் உள்ளனர். அந்த எல்லை பெரிய கோப்புகளை நகர்த்தும்போது மட்டுமே உறைக்கும்; வின்டோஸ் திறக்கும் வேகத்தில் தெரியாது.

இதை அறிய நான் கொடுத்த விலை அதிகம். 2016 இல் என்னிடம் எச்61 போட்டும் இரண்டாம் தலைமுறை ஐ3 புரோசசரும் இருந்தன. இரவு பேருந்தில் கொழும்புக்குப் போய், பம்பலப்பிட்டியில் பாவித்த ஐ7 3770 ஒன்றை வாங்கி வந்து மாட்டினேன். சொக்கெட் சரி, விசிறியும் சுழன்றது. திரையில் மட்டும் ஒன்றுமே வரவில்லை. எனது போட் 2011 இல் வந்தது, அந்தப் புரோசசர் 2012 இல் வந்தது, போட்டின் சில்லில் பதிந்திருக்கும் தொடக்க மென்பொருளான பயோஸைப் புதுப்பித்தால் ஒழிய அது இதை அடையாளம் காணாது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு முழு நாள் போனது. பழைய ஐ3ஐத் திரும்ப மாட்டிப் பயோஸைப் புதுப்பிக்கத் தொடங்கினேன். மாரி தொடங்கியிருந்த நேரம். பாதி வழியில் மின்சாரம் நின்றது. யு.பி.எஸ். இருக்கிறது என்ற தைரியத்தில்தான் தொடங்கியிருந்தேன். இரண்டு வருடமாக அதன் பற்றறியைச் சோதித்ததே இல்லை. ஒருமுறை கீச்சிட்டுவிட்டு அதுவும் நின்றது. பாதி எழுதப்பட்ட பயோஸோடு போட் செத்துவிட்டது. அந்தச் சில்லைக் கழற்றி மீள எழுதித் தரக்கூடியவர் எவரும் அருகில் கிடைக்காததால், பாவித்த வேறொரு போட் தேடி வாங்கினேன்.

எல்லாம் பூட்டி முடித்து இயக்கியபோது, கணினி முன்பு எவ்வளவு நேரம் எடுத்துத் திறந்ததோ அவ்வளவு நேரமே எடுத்துத் திறந்தது. ஹாட் டிஸ்க் அதே பழைய ஹாட் டிஸ்க் அல்லவா! அன்று வந்த எரிச்சல் இன்னும் முழுதாக ஆறவில்லை.

புரோசசர்தான் தடை என்று உறுதியாகத் தெரிந்தால் மாற்றுங்கள். ஆனால் அதற்கு முன் வின்டோஸின் சிஸ்டம் இன்போமேஷன் பக்கத்தில் போட்டின் மாதிரி இலக்கத்தையும் பயோஸ் பதிப்பையும் குறித்துக்கொண்டு, போட்டைத் தயாரித்த நிறுவனத்தின் ஆதரவுப் பட்டியலில் அந்தப் புரோசசர் எந்தப் பயோஸ் பதிப்பிலிருந்து ஏற்கப்படுகிறது என்று பாருங்கள். பட்டியலில் இல்லையென்றால் விற்பவர் என்ன சொன்னாலும் வாங்காதீர்கள். புதியது ஓடி நிலைக்கும்வரை பழைய புரோசசரை விற்கவும் வேண்டாம்.

பவர் சப்ளையின் பெரிய எழுத்தை நம்புவது

கேஸிங்கோடு இலவசமாக வரும் பவர் சப்ளைப் பெட்டியில் 500 வாற் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதன் பக்கத்தில் உள்ள சிறு அட்டவணையில் 12 வோல்ற் வரிசையில் எத்தனை அம்பியர் என்று பாருங்கள். 16 அம்பியர் என்றால் 12ஆல் பெருக்குங்கள்: 192 வாற். புரோசசர், கிராபிக்ஸ் காட் இரண்டும் உயிர்வாழ்வது அந்தக் கணக்கில்தான். தயாரிப்பு நிறுவனங்களின் அலுவலகக் கணினிகள் சிலவற்றில் போட்டுக்கு மின் தரும் வழக்கமான 24 ஊசிச் செருகிக்குப் பதிலாக வேறு செருகி இருப்பதால், சாதாரண பவர் சப்ளையை வாங்குமுன் கணினியைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது.

மலிவான 8 ஜி.பி. றாம்

டி.டி.ஆர்.3 வகையில் வியக்கத்தக்க மலிவு விலைக்கு வரும் தனி 8 ஜி.பி. றாம்களில் ஒரு பகுதி ஏ.எம்.டி. போட்களில் மட்டுமே இயங்கும். இன்டெல் போட்டில் செருகினால் கணினி எழும்பாது. விற்பவரிடம் முதலில் இதைக் கேளுங்கள். 32 பிற் வின்டோஸை வைத்துக்கொண்டு 4 ஜி.பி.க்கு மேல் றாம் போடுவதும் வீண்தான்.

எர்த் இல்லாமல் பாவிப்பது

சுவர்ச் சொக்கெட்டில் எர்த்துக்குரிய மேல் துளைக்குள் பேனையை விட்டுத் திறந்து, இரட்டை ஊசி அடப்டரைச் செருகும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. எர்த் இல்லாதபோது பவர் சப்ளையின் வடிகட்டிக் கொண்டென்சர்கள் வழியாகக் கேஸிங்குக்குச் சிறு கசிவு மின் வரும். தொட்டால் விரல் கூசுவது அதனால்தான். அந்த நிலையில் புது றாமைக் கையில் எடுத்துப் பூட்டுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் பின்னேர இடிமழையில் மின் வயரோடு இணைய வயரையும் கழற்ற வேண்டும். அதன் வழியாக இடி இறங்கி லான் வாயில் கருகிய போட்களையும் கண்டிருக்கிறேன்.

கிராபிக்ஸ் காட்

தனி மின் செருகி கேட்காததை வாங்குங்கள். போட்டில் காட் செருகும் இடம் தருவது 75 வாற் மட்டுமே.

செம்மண் தூசு

கணினிக்குள் படிந்த தூசை ஊதும்போது விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

திகதி மறந்துபோதல்

கணினி திகதியை மறந்தால் போட்டில் உள்ள சிறு வட்டப் பற்றறியை மாற்றுங்கள்.

அடுத்த கணினிக்கு வராததில் காசைப் போடுவது

வின்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் நின்றுவிட்டது. வின்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறையையும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும் கேட்கிறது. ஆகவே நான்காம் தலைமுறைக் கணினிக்கு வாங்கும் டி.டி.ஆர்.3 றாமும் புரோசசரும் அந்தப் போட்டோடு முடிந்துவிடும், எஸ்.எஸ்.டி., தரமான பவர் சப்ளை, திரை ஆகியவை அடுத்த கணினிக்கும் கூட வரும்.

முழங்காவில் மாணவருக்கு 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பூட்டி, பழைய ஹாட் டிஸ்க்கைப் பாடக் குறிப்புகள் வைக்க அதிலேயே விட்டேன். அவர் கொண்டுவந்த ஐ7 எனது மேசை லாச்சியில் கிடக்கிறது. 1155 போட் வைத்திருப்பவர் யாராவது வந்தால், முதலில் பயோஸ் பதிப்பைக் கேட்டுவிட்டு, அவருக்கு விற்றுக் காசை மாணவரிடம் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.