சிமுலேஷன் ஆய்வுக்கு வர நினைப்பவர்களுக்கு

என்னிடம் பிஎச்.டி. சேர வருபவர்களிடம் முதலில் கேட்பது இதுதான்: ஃபைனைட் எலிமென்ட் நிரலை, அதாவது ஒரு பொருளைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் நிரலை, நீங்களே எழுதியிருக்கிறீர்களா? பெரிய மென்பொருள்களை அப்புறம் பழகலாம்.

ஒரு முனை சுவரில் பதிந்த உத்தரம், மறுமுனையில் சுமை. நுனி எவ்வளவு தாழும் என்பதற்குப் பாடநூலிலேயே சூத்திரம் இருக்கிறது. அதையே மூன்று கணு (மூலைக்கு ஒரு கணக்குப் புள்ளி) முக்கோணங்களால் வலை போட்டுக் கணக்கிடுங்கள். வலையின் முக்கோணங்கள் பெரிதாக இருந்தால் உத்தரம் விறைத்து நிற்கும், விடை மிகக் குறைவாக வரும். ஏன் என்று பிடிபடும்வரை விடாதீர்கள். அந்த முக்கோணத்துக்குள் திரிபு (பொருள் நீளும், சுருங்கும் விகிதம்) மாறவே மாறாது. வளைவுக்கோ அது மேலிருந்து கீழாக மாறியாக வேண்டும்.

அடுத்து, திடீர்த் தாவல்கள் இல்லாத வழுவழுப்பான ஒரு விடையை நீங்களே தேர்ந்து, அதற்குரிய விசையைக் கணக்கிட்டு நிரலுக்குக் கொடுங்கள்; நிரல் தரும் விடையை உங்கள் விடையோடு ஒப்பிடுங்கள். முக்கோணங்களின் பக்க நீளத்தைப் பாதியாக்கும்போது இடப்பெயர்ச்சிப் பிழை சுமார் நாலில் ஒன்றாகக் குறைய வேண்டும். குறையவில்லையா, நிரலில் தப்பு இருக்கிறது. விண்ணப்பத்தில் வண்ணப் படங்களைவிட பிழை இப்படிக் குறைவதைக் காட்டும் வரைபடமே எனக்குப் பெரிது.

சரி, வழிகாட்டி? அவருடைய பழைய மாணவர்களிடம் பேசுங்கள். சோதனைக்கூடத்தாரோடு சேர்ந்து வேலை செய்பவராக இருந்தால் இன்னும் நல்லது. கணக்கை நிஜ அளவீட்டோடு ஒப்பிட வாய்ப்புக் கிடைக்கும்.