கார் ஏசி குளிரவில்லையா? கேஸ் அடிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஏசியில் குளிர்ச்சி குறைந்தாலே பலரும் கேஸ் அடிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். ஏசி கேஸ் பெட்ரோல் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரஸர் சீல் வழியாகவும் பல வருடங்களில் கொஞ்சம் குறையும், அவ்வளவே. வருடாவருடம் அடிக்க வேண்டியிருந்தால் எங்கோ கசிகிறது. அதை அடைக்காமல் அடிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை. காற்றும் தண்ணீரும் போகிற வழிகளை முதலில் பாருங்கள். அதற்கு மெக்கானிக் தேவையில்லை.

முதலில் ஓர் அளவு எடுத்துக்கொள்ளுங்கள். காரை நிழலில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, ஏசியை முழுக் குளிர்ச்சியிலும் ரீசர்க்குலேஷனிலும் (உள்காற்றையே சுற்றவிடும் நிலை) ப்ளோயரை நடுத்தர வேகத்திலும் வையுங்கள். ஆக்சிலரேட்டரை 1,500 ஆர்பிஎம் அளவில் பிடித்தபடி 10 நிமிடம் விட்டு, நடு வென்ட்டில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரைச் செருகிப் பாருங்கள். 5 முதல் 10 டிகிரி நல்ல அளவு. சென்னை போன்ற கடலோரப் புழுக்கத்தில் 12 வந்தாலும் கவலையில்லை. 15-ஐத் தாண்டினால் கோளாறு இருக்கிறது. எண்ணைக் குறித்து வையுங்கள். செய்த வேலை பலித்ததா என்று அதுதான் சொல்லும்.

அடுத்தது கேபின் ஃபில்டர். பெரும்பாலான கார்களில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். பெட்டியைக் காலி செய்து, இரு பக்கச் சுவரையும் உள்பக்கமாக அழுத்தினால் கீழே சாயும். சில மாடல்களில் திருகுகளைக் கழற்ற வேண்டும். பின்னால் தெரியும் நீளமான மூடியின் கிளிப்பை அழுத்தி ஃபில்டரை உருவுங்கள். அதில் உள்ள அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனித்து, புதியதையும் அதே திசையில் போடுங்கள். பேப்பர் ஃபில்டரைத் தண்ணீரில் கழுவக் கூடாது; தட்டிப் போடுவதும் தற்காலிகம்தான். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுங்கள், மண் ரோடு என்றால் இன்னும் சீக்கிரம். அடைத்த ஃபில்டரால் காற்று குறைந்தால் கூலிங் காயிலில் பனி உறையக்கூடும். கிளம்பும்போது நன்றாகக் குளிர்ந்து, ஒரு மணி நேரத்தில் காற்றே வராமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றதும் சூடான காற்று வந்தால் கண்டென்சர் பக்கம் போங்கள். ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் மெல்லிய அலுமினியச் சட்டம் அது. உள்ளே இருக்கும் வெப்பமெல்லாம் அதன் வழியாகத்தான் வெளியேறுகிறது. ஏசி போட்டதும் அதன் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் சோதியுங்கள். சுற்றினால் அழுக்குதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். இன்ஜின் ஆறிய பிறகு, சாவியை எடுத்துவிட்டு, சாதாரணத் தோட்டக் குழாயால் நேராகத் தண்ணீர் விடுங்கள். இன்ஜின் பக்கமிருந்து வெளிநோக்கி விட வழியிருந்தால் இன்னும் நல்லது; பூச்சியும் சருகும் வந்த வழியே போய்விடும். கார் ஷாம்பூ கலந்த தண்ணீரை 5 நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். பிரஷர் வாஷர் மட்டும் வேண்டாம். தகடுகள் மடங்கிவிட்டால் காற்று போகாது, கழுவியதே வீணாகிவிடும். ஆசிட் கலந்த கிளீனர் அலுமினியத்தை அரித்துவிடும்.

ஏசி ஓடும் காரின் அடியில் தண்ணீர் சொட்டுவது நல்ல அறிகுறி. அது நின்று, முன் சீட்டின் கால்மிதிப் பக்கம் ஈரமானால் டிரெயின் குழாய் அடைத்திருக்கிறது. காருக்கு அடியில் தெரியும் அதன் முனையில் வாக்யூம் கிளீனரை வைத்து உறிஞ்சினாலே பெரும்பாலும் திறந்துவிடும். இரும்புக் கம்பியை விட்டுக் குத்தாதீர்கள்; கூலிங் காயிலில் ஓட்டை விழுந்தால் டேஷ்போர்டையே கழற்ற வேண்டிவரும். ஈரம் காயாத காயிலில் பூஞ்சை பிடிப்பதால்தான் புளித்த வாடை வருகிறது. வீடு சேர 3 நிமிடம் இருக்கும்போதே ஏசியை அணைத்துவிட்டு, ப்ளோயரை மட்டும் வெளிக்காற்றில் ஓட விடுங்கள். பெர்ஃப்யூம் வாடையை மறைக்கும், பூஞ்சையைப் போக்காது.

இவ்வளவும் செய்து எண் இறங்கவில்லையென்றால் குழாய் இணைப்புகளை டார்ச் அடித்துப் பாருங்கள். கேஸோடு கம்ப்ரஸர் ஆயிலும் சேர்ந்து ஓடுவதால், கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் தெரியும். இதற்கு மேல் நீங்களாகக் கை வைக்காதீர்கள். பல கார்களின் ஏசியில் இருக்கும் ஆர்-134ஏ கேஸ் கொதிப்பதே மைனஸ் 26 டிகிரியில். திரவமாகப் பீறிட்டுத் தோலில் பட்டால் சதையை உறைய வைத்துவிடும். புதிய கார்கள் சிலவற்றில் உள்ள ஆர்-1234ஒய்எஃப் தீப்பற்றவும் கூடியது.

மெக்கானிக்கிடம் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: கசிவுச் சோதனை, குறைந்தது 30 நிமிட வாக்யூம் (குழாய்களுக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுப்பது), எடை பார்த்து அடிப்பது. வண்டி நிற்கும்போது கேஜ் காட்டும் அழுத்தம் வெளி வெப்பத்தைப் பொறுத்தது; உள்ளே 200 கிராம் இருந்தாலும் 400 கிராம் இருந்தாலும் ஏறக்குறைய ஒரே எண்தான் காட்டும். எத்தனை கிராம் வேண்டும் என்பது பானெட்டின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் அச்சிட்டிருக்கும். "இருப்பதற்கு மேல் கொஞ்சம் டாப்-அப்" என்றால் சம்மதிக்காதீர்கள். அளவு மிஞ்சினால் குளிர்ச்சி குறையும், கம்ப்ரஸரும் அடிபடும்.