இளையோர் நாவலின் உரையாடலைச் சரிபார்க்க ஒரு வழி

பதின்வயதினருக்கான நாவலை எழுத முயல்பவர்கள், உரையாடல் இயல்பாக வந்திருக்கிறதா என்று அறிய, எழுதிய பக்கத்தை வாய்விட்டு வாசித்துப் பார்ப்பதே சிறந்த வழி என்பது என் அனுபவம். கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஈரோட்டுக்குத் தினமும் பேருந்தில் சென்று வரும் நான், பள்ளிப் பிள்ளைகளின் பேச்சுப் போக்கை, பேசியவர் யாரென்று தெரியாதபடி, ஒரு சிறு நோட்டில் குறித்துவைக்கிறேன். தோழியிடம் "ஏன்டி, வீட்டுப்பாடம் முடிச்சிட்டியா?" என்று கேட்ட அதே பெண், கைபேசி ஒலித்ததும் "வந்துட்டே இருக்கறனுங்க அம்மாயி" என்று குரலைத் தாழ்த்துவாள், அரை நிமிடத்திற்குள் நிகழும் அந்த மாற்றமே பாத்திரத்தின் உயிர். என் முதல் வரைவில் பதினைந்து வயது நாயகி எல்லோரிடமும் ஒரே தொனியில் பேசியதை வாசித்துக் கேட்டபோதுதான் உணர்ந்தேன். அந்த அத்தியாயத்தை முழுவதும் திருத்தி எழுதினேன்.

வட்டாரச் சொல்லுக்கு அடைப்புக்குறியில் பொருள் தர வேண்டியதில்லை. "அட்டாலியில் ஏறிப் பழைய புத்தகக் கட்டை இறக்கினாள்" என்றால் எந்த ஊர் வாசகருக்கும் புரிந்துவிடும். ஆர். சண்முகசுந்தரம் 1942இல் வெளிவந்த 'நாகம்மாள்' நாவலிலேயே கொங்குப் பேச்சைத் தயக்கமின்றிக் கையாண்டிருக்கிறார்.

பிறருடைய இளையோர் கதைகளை முதலில் கதைக்காக வாசியுங்கள். மறுமுறை ஓர் அத்தியாயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, உரையாடல்களைப் பென்சிலால் அடிக்கோடிட்டு, பெயர்களை மறைத்துவிட்டுப் பேசுபவரை அடையாளம் காண முடிகிறதா என்று பாருங்கள். பிறகு இதே சோதனையை உங்கள் கையெழுத்துப் படியிலும் செய்யுங்கள்.