வேலூர் வெயிலில் ஓவர்கிளாக் நிலைக்கவில்லையா?

கம்ப்யூட்டர் பிராசஸரை அதன் வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டுவதுதான் ஓவர்கிளாக். அப்படிச் செய்தால், ராத்திரி முழுக்க நன்றாக ஓடும் கேம், மதியம் பத்தே நிமிடத்தில் நீலத்திரையில் போய் நிற்கும். சத்துவாச்சாரியில் மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் என் அறையில் மே மாதம் இதுதான் நடந்தது. வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், இரவில் தேறிய ஓவர்கிளாக்கை நம்பாதீர்கள். மதியம் இரண்டு மணிக்குச் சோதியுங்கள்.

முதலில் பிராசஸர் மேல் இருக்கும் கூலரைப் பாருங்கள். என்னுடையதில் தகடுகளுக்கு நடுவே தூசி பஞ்சு மாதிரி அடைத்திருந்தது. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்ததுமே சூடு நன்றாக இறங்கியது. அப்புறம் பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரை) எக்ஸ்எம்பியை, அதாவது ராம் நினைவகத்தைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பை, அணைத்துப் பாருங்கள், பல நேரம் குற்றவாளி ராம்தான்.

அதன்பிறகும் கேம் விழுகிறதா? பிராசஸருக்கு முழுச் சுமை கொடுக்கும் பிரைம்95 என்ற சோதனை மென்பொருளை ஓட்டிக்கொண்டே பிராசஸரின் வெப்பத்தைக் கவனியுங்கள். 90 டிகிரியைத் தாண்டினால் வோல்டேஜைக் கூட்டவே வேண்டாம். பிராசஸரின் வேகத்தைத் தீர்மானிக்கும் மல்டிபிளையரை ஒரு படி, அதாவது சுமார் 100 மெகாஹெர்ட்ஸ், இறக்குங்கள். 80-க்குள் இருந்தும் விழுந்தால் மட்டும், உங்கள் பிராசஸரின் வரம்புக்குள் 0.01 வோல்ட் வீதம் கூட்டலாம். கேம் விழாவிட்டாலும் விண்டோஸின் பிழைப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 'வீயா லாகர்' (WHEA-Logger) என்ற வன்பொருள் பிழை வந்தால் இன்னும் நிலைக்கவில்லை என்றே கொள்ளுங்கள்.

திரையே வராமல் போனால் பதற வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்து, மதர்போர்டில் இருக்கும் வட்டப் பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி மாட்டினால் பயாஸ் பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும்.